இருவர் மழைக்கோட்டு

மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் நான்.
ஹாய்ஃபோங்கில் மார்ச் மாதம் மழை பெய்வதில்லை,
காற்றில் ஊறிக் கிடக்கும்.
சுவர் வியர்க்கும், முத்திரை மை காயாது,
படிவங்களெல்லாம் நமுத்த அப்பளம்.

அவளுக்கு முன்னால் அவள் மழைக்கோட்டு வந்தது.
ஊதா நிறம். தலை நுழைக்க இரண்டு துளை.
ஸ்கூட்டரில் ஜோடியாகப் போகிறவர்களுக்கென்று
பாலத்தடியில் விற்கிறார்களே, அது.
முன் துளையில் அவள் முகம்.
பின் துளையைச் சுருட்டி
ஹேர்பேண்டு போட்டு இறுக்கியிருந்தாள்.

பெயர் ஞுங்.
வயது இருபத்திரண்டு.
ஷூ கம்பெனி, பசை ஒட்டும் பிரிவு, இரவு ஷிஃப்ட்.
மணமானவரா என்ற கட்டத்தை
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
அது தானாகவே நிரம்பிக்கொள்ளும்.

இதற்கு முன் எத்தனை முறை?

"முதல் தடவைதான் அக்கா."

அந்தப் பசை வாசனை எனக்குத் தெரியும்.
புயல் விடுமுறைக்கு மறுநாள் இதே ஜன்னலில் அடித்தது.
அதற்கும் முன்னால், புத்தாண்டு முடிந்த வாரம்,
வரிசை வாசல்வரை நீண்ட நாளில்.
பொய்யை எழுதிக்கொடுக்கலாம்,
எனக்கொன்றும் நஷ்டமில்லை.
உள்ளே டாக்டரின் கைக்குத் தெரிய வேண்டுமே,
எத்தனை முறை சுரண்டிய சுவரென்று.

இரண்டு என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
தலைகீழாக அதைப் படித்தாள்.
"அன்றைக்கும் நீங்கள்தானா?"
"நான்தான்."
அப்புறம்தான் பேச ஆரம்பித்தாள்.

நாள் எண்ணினோம் அக்கா. ஃபோனில் பச்சை நாள், சிவப்பு நாள்.
இரவு ஷிஃப்டுக்குப் போட்டதும்
உடம்புக்குக் கிழமையே மறந்துபோனது.
கவனமாக இருப்பேன் என்றான்.
இருந்தான், வண்டியை நிறுத்துகிற இடத்தில்,
என் பெயரை யாரிடமும் சொல்லாமலிருப்பதில்.
எழுபத்திரண்டு மணி நேர மாத்திரை ஒன்று,
அதே மாதம் இன்னொன்று. கடைக்காரி முறைத்தாள்.
மூன்றாவதுக்கு வேறு தெரு போக வேண்டும்.
போவதற்குள் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

தினசரி மாத்திரை?

"அதைச் சாப்பிட்டால் பிற்பாடு பிள்ளை தங்காதாமே, ஹாஸ்டலில் சொன்னார்கள்.
எனக்குப் பிள்ளை வேண்டும் அக்கா.
பிற்பாடு."

அப்படியில்லை என்று விளக்குகிற துண்டுத்தாள்
என் இழுப்பறையில் ஒரு கட்டு இருக்கிறது.
அட்டையில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பலூன்.
அட்டையைக் கிழித்துவிட்டு
உள்தாளை மட்டும் நீட்டினேன்.

உறை?
முதல்முறையாகச் சிரித்தாள்.
எங்கள் ஊரில் அதற்கும் மழைக்கோட்டு என்றுதான் பெயர்.
"கேட்டேன். என்மேல் நம்பிக்கை இல்லையா என்றான்."
பிறகு, கையிலிருந்த ஊதாவைப் பார்த்துவிட்டு,
"இதுகூட நான் வாங்கினதுதான்."

கடைசிக் கட்டம்: அழைத்துப்போக வருபவர்.
பேனா நின்றது.
மயக்கம் தெளிந்தவர் வண்டி ஓட்டக் கூடாது,
விதி சிவப்பு எழுத்தில் சுவரில் வியர்த்துக்கொண்டிருக்கிறது.
அவள் ஃபோனை எடுத்தாள். வைத்தாள்.
எனக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும்.
வண்டி ஓட்டத் தெரியும்.
இதைத் தவிர வேறு காரணம் ஏதும் இல்லை,
என் பெயரை எழுதினேன்.

ஐந்தே காலுக்கு
முன் துளையில் நான் தலையை விட்டேன்.
பின்னால் ஹேர்பேண்டைப் பல்லால் அவிழ்த்தாள்.
ஒரே பிளாஸ்டிக்குக்குள் இரண்டு மூச்சு,
பசை வாசனை, டெட்டால் வாசனை.
தூறலில் மீன்சந்தை விளக்குகள் கரைந்து போயின.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை தெரிந்ததும்
என் முதுகில் இரண்டு முறை தட்டினாள்.

நிறுத்தினேன்.
கோட்டிலிருந்து தலையை உருவ
அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.